பாங்கொக் நகரத்துச் சாப்பாட்டுக் கடையிலே

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையிலே நாம் குடும்பத்தோடு பாங்கொக் நகருக்குச் சென்று பத்து நாட்கள் தங்கியிருந்தோம். மரகத புத்தர் கோயிலையும், சாவோ பிராயா நதியையும், அந்நதியின் மேற்கரையில் உயர்ந்து நிற்கும் விடியற் கோயிலையும் கண்டோம். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். ஊர் திரும்பிய பின்னர் எம்மிடம் பயணச் செய்தி கேட்க வந்தோர்க்கெல்லாம் நாம் சொல்லத் தொடங்கியது என்னவோ ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றித்தான். அதனையே இங்கும் எழுதுகின்றோம்.

நாமும், எமது மனைவியாரும், உயர்தர வகுப்பிற் பயிலும் மகளும், 76 வயதினரான எமது தாயாருமாகச் சென்றோம். தங்கியது எமது மைத்துனரின் இருப்பிடத்தில். அவர் அங்கே ஒரு கம்பனியிற் கணக்காளர், இன்னும் மணமாகாதவர். இருப்பிடம் துப்புரவாகவும் காற்றோட்டமாகவும் இருந்தது. ஒரு குறைதான்: அடுப்படி இல்லை. எமது மனைவியார் அறை அறையாகத் தேடிப்பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். பாங்கொக் நகரிலே இத்தகைய வாடகை அறைகள் பல. வேலைக்குச் செல்வோர் காலை, பகல், இரவு ஆகிய மூவேளையும் தெருக் கடைகளிலே உண்பர். அல்லது கறியைச் சிறு பைகளிற் கட்டுவித்துக் கொண்டுவந்து வீட்டில் இருந்து உண்பர். அயலவர்க்கெல்லாம் பொதுவான அடுக்களையாகவே அக்கடைகள் விளங்குகின்றன.

எமது தாயார் தீட்சை பெற்றவர். ஐம்பது ஆண்டுகளாக மச்சத்தைக் கையாலும் தொட்டறியார். நாமோ வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் தவிர்ந்த ஏனைய நாட்களில் மீன் உண்போம்; அந்நாட்களில் வீட்டிலே தாயாருக்கு வேறு அடுப்பு, வேறு சட்டி. முட்டையும் ஆகாது. அன்றியும், அவர் நீரிழிவுக்காக இருவேளை மாத்திரை உட்கொள்பவர். மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருத்தல் கூடாதென்பது மருத்துவர் இட்ட கட்டளை. “அங்கே நான் என்னத்தைச் சாப்பிடுறது, தம்பி?” என்று அவர் யாழ்ப்பாணத்திலேயே கேட்டார். அதற்கு நாம் ஒரு விடை வைத்திருந்தோம். அவ்விடையையிட்டு எமக்குச் சிறிது கர்வமும் இருந்தது.

விடை ஒரு சொல். தாய்லாந்தார் மொழியிலே மரக்கறி உணவுக்கு ‘மங்ஸவிரத்’ என்று பெயர். மாமிசம் என்பதும், விலகுதல் என்னும் பொருள்படும் ‘விரதி’ என்பதும் சேர்ந்த வடமொழித் தொடரே அது. அம்மொழியில் வடசொற்களும் பாளிச் சொற்களும் மலிந்து கிடக்கின்றன. வகுப்பறையிலே சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டிப் பழகிய எமக்கு இது புதையலாகவே தோன்றிற்று. “அம்மா, ஒரு சொல் போதும், பயப்படாதேயுங்கோ” என்றோம்.

முதல்நாட் பகல் மைத்துனரின் தெருமுனையிலிருந்த கடைக்குச் சென்றோம். அத்தகைய கடைக்குக் ‘காவ் கேங்’ கடை என்று பெயர். காவ் என்பது சோறு. கேங் என்பது கறி. கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து தட்டங்களிலே சமைத்த கறிகள் வரிசையாக இருந்தன. தேங்காய்ப்பாலிற் கொதித்த கத்தரிக்காய், பச்சை நிறக் குழம்பு, பூசணிக்காய், கங்குன் கீரை, கோவா. நிறத்தைப் பார்த்தால் நம் வீட்டுக் கறிகளின் ஒன்றுவிட்ட சகோதரர் போலவே இருந்தன. நாம் அச்சொல்லைக் கூறினோம். கடைக்காரர் தலையசைத்துக் கோவாவைக் காட்டினார். தாயார் ஒரு பிடி எடுத்து வாயருகே கொண்டுபோனார். அப்படியே கோப்பையில் வைத்துவிட்டார்.

“தம்பி, இதுக்குள்ளே கருவாட்டு மணம் வருகுது.”

கோவாவுக்குள் மீன் இல்லை என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னதிற் பொய் இல்லை. அவர் கணக்கின்படி அது மீன் அன்று. அந்நாட்டுச் சமையலில் உப்பின் இடத்தில் நிற்பது ‘நம் பிளா’ என்னும் மீன்நீர். நெத்தலி போன்ற சிறு மீனை உப்போடு கலந்து பெருந்தாழிகளில் ஓராண்டு, அதற்கு மேலும் ஊறவிட்டு வடித்தெடுத்த தேன்நிறச் சாறு அது. நாம் கறிக்கு உப்புப் போடும்போது கடலை நினைக்கின்றோமா? அவ்வாறே அவர்களும் மீனை நினைப்பதில்லை. கறிகளுக்கு அரைக்கும் கூட்டிலோ ‘கப்பி’ என்னும் இறால் விழுது சேரும். செத்தல் மிளகாய், உள்ளி, சின்ன வெங்காயம், பேரரத்தை, எலுமிச்சம்புல் ஆகியவற்றோடு உரலிலே அதுவும் சேர்ந்து இடிபட்டுவிடும். பின்னர் அதனைப் பிரித்தெடுத்தல் பிரமனாலும் ஆகாது. சமைத்து வைத்த கறி விற்கும் கடையிலே எமது தாயார்க்கு ஏற்றது பெரும்பாலும் வெறுஞ்சோறு ஒன்றே என்பதை நாம் அன்று அறியோம்.

இரண்டாம் நாள் வேறொரு கடை. இம்முறை “மீன்நீரும் வேண்டாம்” என்று மைத்துனரைக் கொண்டு தாளில் எழுதுவித்துக் கொண்டுபோய்க் காட்டினோம். பூசணிக்காய் வறை வந்தது. மஞ்சள் நிறமாயிருந்தது. பாதிக்கு மேல் அந்நிறம் முட்டையுடையது. மங்ஸவிரத் என்னும் சொல் முட்டையையும் பாலையும் விலக்குவதில்லையாம். சொல்லின் வேர் எமக்குத் தெரிந்திருந்தது. அது அந்த ஊர் மண்ணில் எவ்வாறு காய்க்கும் என்பது தெரிந்திருக்கவில்லை.

பஹுராட், சீலோம் பகுதிகளிலே இந்தியச் சைவ உணவகங்கள் உள்ளன. சீலோம் தெருவில் 19ஆம் நூற்றாண்டிலே தமிழர் அமைத்த மாரியம்மன் கோயிலும் உண்டு. ஆயின் மூன்று வேளையும் அந்நகரத்து வாகன நெரிசலில் முதியவர் ஒருவரை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்லல் இயலுமா? ஓர் இரவு சென்றோம். நெய்யிலே மிதந்த வடநாட்டுப் பருப்பு அவர் வயிற்றுக்கு ஒவ்வவில்லை. மற்றைய வேளைகளில் வாழைப்பழமும் வெறுஞ்சோறுமாகக் காலம் கழிந்தது. “எனக்கு இது காணும், நீங்கள் சாப்பிடுங்கோ” என்று அவர் சொல்லச் சொல்ல, எம் முன்னிருந்த உணவு எமக்குத் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

மூன்றாம் நாட் காலை பழைய நகரிலுள்ள பேரூஞ்சலைக் காணச் சென்றோம். செந்நிறத் தேக்குத் தூண்கள் இரண்டு, இருபது மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. 1935ஆம் ஆண்டு வரை அங்கே ஊஞ்சல் விழா நடந்தது. ‘த்ரியம்பவாய்’ என்னும் அவ்விழாவின் பெயர் நம் திருவெம்பாவையின் திரிபென ஆய்வாளர் கூறுவர். அருகே அரசவைப் பிராமணரின் கோயிலும் இருக்கின்றது. தாயார் இப்பயணத்துக்கு இசைந்ததே இவ்விடத்தைக் காணும் ஆசையினால்தான். ஆயின் தூண்களை அண்ணாந்து பார்த்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு மகளின் தோளில் சாய்ந்துவிட்டார். காலையில் மாத்திரை போட்டிருந்தார். உண்டதோ ஒரு வாழைப்பழம்.

பக்கத்து ஒழுங்கையிலே ஒரு சாப்பாட்டுக் கடை கண்ணிற் பட்டது. நிழலுக்காக உள்ளே நுழைந்தோம். முன்புறம் முழுவதும் திறந்த சிறு கடை. ஆறு தகர மேசைகள், பிளாஸ்திக் முக்காலிகள், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அடுப்பு தெருவோரத்திலேயே இருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் ஒரே தாச்சியில் எல்லாருக்கும் சமைத்துக் கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் ஏதோ கேட்டார். பின்னர்த் தாயாரின் முகத்தைக் கண்டு அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்தார். சீனி கரைத்த தேசிக்காய்த் தண்ணீர் ஒரு குவளை வந்தது. அதைக் குடித்துச் சிறிது நேரத்தின் பின்னரே தாயார் கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தார்.

“கின் காவ் ரூ யாங்?” என்று அவ்வம்மையார் குனிந்து கேட்டார். சோறு தின்றாயிற்றா என்பது அதன் பொருள். அந்நாட்டார் ஒருவரையொருவர் கண்டால் நலம் விசாரிப்பதும் இதே கேள்வியால்தான். யாரும் மொழிபெயர்க்குமுன் எமது தாயார், “சாப்பிட்டாச்சோ என்று கேட்கிறாளாக்கும். இல்லைப் பிள்ளை, சாப்பிடேல்லை” என்று தமிழிலேயே மறுமொழி சொல்லிவிட்டார்.

நாம் தாளை எடுத்து நீட்டினோம். தாயார் அதைத் தடுத்துவிட்டுத் தாமே எழுந்து அடுப்படிக்குப் போனார். மீன் படம் போட்ட போத்தலைக் காட்டிக் கையை விரித்தார். சிப்பி படம் போட்ட போத்தலுக்கும் அதுவே தீர்ப்பு. முட்டைத் தட்டு, இறைச்சிப் பாத்திரம், காய்ந்த இறால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டித் தலையை ஆட்டினார். கடைசியில் உப்புச் சாடியைத் தொட்டு, “இது போதும்” என்றார். அம்மையார் இதனை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார், பின்னர் வாய்விட்டுச் சிரித்து, “ஓ, ஜே!” என்றார்.

நாம் தேடியிருக்க வேண்டிய சொல் அதுதான். சீனர் வழியாக வந்த சொல் அது. மஞ்சள் நிறத்திற் செந்நிறமாக அவ்வெழுத்து எழுதப்பட்டிருக்கும் இடங்களில் இறைச்சி, மீன், மீன்நீர், முட்டை, பால் எவையும் சேரா. சீனரின் ஒன்பதாம் மாதத்திலே ஒன்பது நாட்கள் அந்நாட்டில் எண்ணற்றோர் இந்நோன்பு நோற்பர். தெருவெங்கும் மஞ்சட் கொடி பறக்கும். பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு ஒட்டி வரும். இவ்வளவையும் நாம் பிற்பாடு அறிந்தோம். அப்பொழுது கண்டது, அவ்வம்மையார் தாச்சியைச் சவர்க்காரமிட்டு இருமுறை கழுவியதையும், புதிய அகப்பை ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்ததையுமே. அவரை யாரும் கழுவச் சொல்லவில்லை.

இத்தகைய கடையை ‘ஆஹான் தாம் ஸங்’ என்பர். சொல்லியபடி சமைக்கும் உணவு என்று பொருள். இங்கே எதுவும் முன்கூட்டிச் சமைத்து வைக்கப்படுவதில்லை. அடுப்பு கொல்லன் உலைபோல் இரையும், எண்ணெய் புகையும், அரிந்து வைத்தவை ஒன்றன்பின் ஒன்றாக விழும், இரண்டு நிமிடத்தில் கறி சோற்றின்மேல் வந்துவிடும். அடுத்தவருக்கு மீண்டும் முதலிலிருந்து. ஆகவே ஒருவருக்கு ஆகாததை விலக்குதல் இங்கே எளிது. 60 பாத் கொடுத்து உண்ணும் ஒரு கோப்பைச் சோறு அவரவர்க்கென்றே சமைத்ததாக இருக்கின்றது.

அன்று தாயாருக்குச் சோயா அவரைக் கட்டியும் பயிற்றங்காயும் இலையொன்றுடன் வறுத்து வந்தன. தாயார் இலையை எடுத்து முகர்ந்தார். “தம்பி, இது துளசியெல்லோ!” ஆம், துளசியேதான். அந்நாட்டார் அதனைக் ‘கப்ராவ்’ என்பர். நாம் மாடம் கட்டி வைத்து வணங்கும் அத்துளசியைப் பன்றி இறைச்சியோடும் கோழியோடும் வறுத்து, மேலே பொரித்த முட்டையை இட்டு உண்பது அங்கே அன்றாட வழக்கம். என்ன கேட்பதென்று தோன்றாதவர் கேட்கும் உணவு என்றுகூட அதனைக் கேலி செய்வர். அடுத்த மேசையில் ஓர் இளைஞர் அதனையே உண்டுகொண்டிருந்தார். தாயார் ஒருகணம் அப்பக்கம் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். இலையைக் கண்ணில் ஒற்றினார். “கோயிலிலே தீர்த்தத்தோடு தாறதுதானே” என்று சொல்லி உண்ணத் தொடங்கினார். முழுக் கோப்பையும் உண்டார். எமது மனைவியார் முகத்தை அப்பால் திருப்பிக் கண்ணைத் துடைத்துக் கொண்டதை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

ஆயினும் தாயாருக்கு ஒரு குறை இருந்தது. உள்ளி இல்லை. ஜே நோன்பினர் உள்ளி, வெங்காயம் முதலியவற்றையும் நீக்குவர். தாயாரோ உள்ளி இல்லாத வறையை வறையென்று ஒப்பாதவர். மறுநாளும் அக்கடைக்கே சென்றோம். தாயார் உள்ளிப் பல்லொன்றை எடுத்து நீட்டினார். அம்மையார் “ஜே” என்று சொல்லி அதைக் கூடைக்குள் திரும்பப் போட்டார். தாயார் மீண்டும் எடுத்து நீட்டினார். அம்மையார் முகத்தில் ஐயம். முதியவர் அறியாமல் தம் நோன்பை முறித்துவிடுவாரோ என்று அஞ்சினார் போலும். ஈற்றிலே தாயார் பல்லைத் தாமே உரித்து, கத்தியின் தட்டையால் நசுக்கி, தாச்சியில் இட்டுவிட்டார். கடையில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர். அவ்வுணவு ஜேயும் அன்று, மங்ஸவிரத்தும் அன்று. அம்மையார் அதற்குத் தாமே ஒரு பெயர் வைத்தார்: ‘யாயின் சோறு’. அன்றுமுதல் நாம் தெருமுனையில் தோன்றியதும் உள்ளேயிருக்கும் உதவிப் பெண்ணுக்கு அப்பெயர் உரக்கக் கேட்கும். தாச்சி கழுவும் ஓசையும் உடனே கேட்கும்.

அந்நாட்டிலே தாயின் தாய் யாய்; தந்தையின் தாய் யா. முறையறியாத முதியவளை யாய் என்றே அழைப்பர். சமைக்கும் அம்மையாரை எல்லாரும் ‘பா’ என்றனர். தாய்க்கோ தந்தைக்கோ மூத்த சகோதரி என்று பொருள். நாம் பெரியம்மா என்றும் மாமி என்றும் பக்கம் பிரிப்போம். அவர்கள் இங்கே மூப்பு இளமையை மட்டும் நோக்குகின்றனர். “அப்பாச்சியை யா என்றல்லவா கூப்பிடவேண்டும்?” என்று எம் மகள் திருத்தப் புகுந்தாள். யாரும் கேட்கவில்லை. நம் பழைய நூல்களில் யாய் என்பது தாயைக் குறிக்கும் என்பது எமக்கு நினைவு வந்தது. எனினும் ஒலி ஒத்த சொல்லைக் கண்டு துள்ளுவதை நாம் இரண்டு நாட்களுக்கு முன்னரே நிறுத்தியிருந்தோம்.

தாயார் உண்ணத் தொடங்கியபின் எமக்கும் பசி எடுத்தது. அந்நாட்டார் உண்ணும் முறையை அதன் பின்னரே கவனித்தோம். நான்கு பேர் சென்றால் நான்கு கறிகள் நடுவில் வரும். சோறு மட்டும் தனித்தனி. ஒரு கறியில் ஒரு கரண்டி எடுத்து உண்டு முடித்த பின்னரே மற்றொன்றை எடுக்க வேண்டும். நாம் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒருமிக்கக் கோப்பையில் வாரிக்கொண்டதைக் கண்டு உதவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வலக்கையிற் கரண்டி, இடக்கையில் முள்ளுக்கரண்டி. முள்ளால் தள்ளி, கரண்டியால் உண்பர். முற்காலத்தில் அவர்களும் கையாலேயே உண்டனர். கூப்புக்குச்சி நூடில்ஸ் உண்பதற்கு மட்டுமே. நூடில்ஸ் வந்தால் மேசையில் நான்கு சாடிகள்: சீனி, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினாகிரி, மிளகாய் இட்ட மீன்நீர். சமைத்தவர் பாதியில் விட்டதை உண்பவர் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சூப்பிற் சீனி இடுவதை மட்டும் எம்மால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

உறைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகள் ‘ஸொம் தாம்’ கேட்டாள். பப்பாசிக்காயைச் சீவி, பயிற்றங்காய், தக்காளி, கச்சான், தேசிக்காய்ப் புளி, பனஞ்சீனி, மீன்நீர் ஆகியவற்றோடு மண்ணுரலிலே மர உலக்கையால் மெல்ல இடித்துத் தருவது அது. எத்தனை மிளகாய் என்று அம்மையார் விரல் காட்டிக் கேட்டார். நாம் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளில் வளர்ந்தவர். ஐந்து விரலையும் காட்டினோம். அம்மையார் இரண்டு விரலை மடக்கினார். நாம் மீண்டும் விரித்தோம். அம்மிளகாய் நம் நாட்டுக் கொச்சிக்காய்க்கு உறவு. அவர்கள் மொழியில் அதன் பெயர் எலிப்புழுக்கை மிளகாய். காரம் பெயரளவில் நிற்பதன்று. மூன்றாம் கவளத்தில் எமக்குக் காது கேளாமற் போயிற்று. தண்ணீர் பயன்படவில்லை; பச்சைக் கோவாவும் ஒட்டுஞ்சோறுமே காத்தன. “கல்லூரியிலே பிள்ளைகள் பார்க்கவேணும்” என்றார் மனைவியார். தாயார் அப்பயணத்திலே முதன்முறையாகச் சத்தமிட்டுச் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் தாயார் தம் பையிலிருந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்றை எடுத்து அம்மையாரிடம் கொடுத்தார். அம்மையார் ஓலையைப் பிரித்து ஒரு துண்டை நாவில் வைத்தார். “தான்! தான்!” என்று கூவி உள்ளே ஓடித் தம் பனஞ்சீனிச் சாடியைக் கொண்டுவந்தார். அந்நாட்டிற் பனைக்குத் ‘தான்’ என்று பெயர். சீனி எதுவாயினும் அதனை ‘நம் தான்’, அதாவது பனைநீர் என்றே வழங்குவர். தாயார் அதனைச் சுவைத்து, “நல்லதுதான், ஆனால் எங்கட பனங்கட்டி மாதிரி இல்லை” என்றார். அம்மையாரும் எமது பனங்கட்டியைப் பற்றி ஏதோ சொன்னார். தலையசைத்த விதத்தைப் பார்த்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று எண்ணுகின்றோம். பின்னர் அக்கட்டியில் ஒரு துண்டை உரலிலிட்டு, மீன்நீருக்குப் பதிலாக உப்புச் சேர்த்து, மிளகாய் ஒன்றே ஒன்று போட்டு, தாயாருக்கென ஒரு ஸொம் தாம் இடித்துக் கொடுத்தார்.

புறப்படும் நாள் விடியற்காலை விமானம். கடை திறக்கும் நேரம் அன்று அது. முந்திய இரவே விடைபெற்றுக்கொண்டோம். அம்மையார் ஒரு பொதியைத் தாயாரின் கையில் வைத்து, இறப்பர் வளையத்தை இறுக்கிவிட்டு, நாளைக்கு என்று சைகை காட்டினார்.

விமானம் கிளம்பிச் சிறிது நேரத்தில் தாயார் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொதியை அவிழ்த்தார். சோறு, பயிற்றங்காய் வறை, ஓரத்தில் ஐந்தாறு துளசி இலை. விரலால் வறையைக் கிண்டிப் பார்த்தார்.

“உள்ளி போட்டிருக்கிறாள்” என்றார்.